நோயாளியின் ஏட்டிலிருந்து நோய்க் குறியீடு: தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பிள்ளைகள் கல்கிசையில் என் வீடு தேடி வந்து இந்த வேலையைப் பற்றிக் கேட்பார்கள். "அக்கா, நான் உயர்தரத்தில வர்த்தகம் படிச்சனான். எனக்கு இது சரிவருமா?" அநேகமாக முதற்கேள்வி அதுதான். சரிவரும். பொறுமையாக வாசிக்கும் கண் வேண்டும். வாசித்ததற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காத கை வேண்டும்.

வேலை என்ன?

களுபோவிலையில் உள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலையைப் போன்ற ஓர் அரச ஆஸ்பத்திரியில் வாட்டில் இருந்தவர் வீடு திரும்பியதும், பி.எச்.டி. (கட்டில் தலைச்சீட்டு) எனப்படும் அவருடைய ஏடு பதிவறைக்கு வரும். அதிலுள்ள நோயை உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐ.சி.டி. (சர்வதேச நோய் வகைப்பாடு) குறியீடாக மாற்ற வேண்டும். அது ஐ.எம்.எம்.ஆர். என்ற உள்நோயாளர் நோய், மரண அறிக்கையில் சேர்ந்து சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்குப் போகிறது. இப்போது இணையவழியாகவே போகிறது. அரச ஆஸ்பத்திரிகளில் எந்த நோயால் எத்தனை பேர் தங்கினார்கள் என்று அமைச்சு வருடாவருடம் வெளியிடும் கணக்கு இந்த ஏடுகளிலிருந்து எழுவது.

முதற்படி: உடம்பைப் படியுங்கள்

உடற்கூறும் நோய்ப்பெயர்களும் தெரியாமல் ஐ.சி.டி. புத்தகத்தைத் திறக்க வேண்டாம். உயிரியல் படிக்காதவர்களுக்கு மூன்று நான்கு மாதம் பிடிக்கும். கூடவே வைத்தியர்களின் சுருக்கெழுத்தும் பழக வேண்டும்: டி.எம். என்றால் நீரிழிவு, ஐ.எச்.டி. என்றால் இதய நாடிகளில் இரத்தம் குறைவது, எலும்பு முறிவுக்கு ஒரு சின்னக் கட்டக் குறி (#).

இரண்டாம் படி: எழுத்தும் எண்ணும்

ஐ.சி.டி.-10 இல் 22 அத்தியாயங்கள். ஒவ்வொரு குறியீடும் ஓர் ஆங்கில எழுத்தில் தொடங்கும். ஏ, பி தொற்றுநோய்கள், ஐ இதயமும் இரத்த ஓட்டமும், ஜே சுவாசம், ஓ கர்ப்பமும் பிரசவமும், எஸ், டி (T) காயமும் நஞ்சும். கோவிட் வந்தபோது யு07.1 என்று புதிதாகத் திறந்தார்கள். டெங்குவுக்குப் பழைய அச்சில் ஏ90, ஏ91 என்றிருக்கும். பிந்திய பதிப்புகளில் ஏ97. அதில் அபாய அறிகுறி இல்லாவிட்டால் .0, இருந்தால் .1, கடுமையென்றால் .2. புள்ளிக்குப் பின்னால் வரும் அந்த ஓர் எண்ணில்தான் ஒரு நோயாளியின் நிலைமை தெரிகிறது.

புத்தகம் மூன்று பாகம். மூன்றாம் பாகத்து அகரவரிசையில் தேடி, முதற்பாகத்துப் பட்டியலில் சரிபார்க்க வேண்டும். அகரவரிசையில் உறுப்பின் பெயரைத் தேடினால் கிடைக்காது. கணுக்கால் முறிந்திருந்தால் "முறிவு" என்ற சொல்லில் தொடங்கிக் கணுக்காலுக்கு வர வேண்டும். அகரவரிசையில் கண்டதை அப்படியே எழுதிவிட்டுப் போவது கெட்ட பழக்கம். "இதில் சேராதவை" என்ற முக்கியமான குறிப்புகள் பட்டியலில்தான் இருக்கின்றன.

மூன்றாம் படி: ஏட்டைக் கடைசிவரை வாசியுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். கான் துப்புரவாக்கும் ஒரு தொழிலாளியின் ஏடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதற்பக்கத்தில், நான்கு நாள் காய்ச்சல், உடம்பு நோவு. அதோடு நிறுத்தினால் ஆர்50.9, காரணம் தெரியாக் காய்ச்சல். இரண்டாம் நாள் கண் சிவப்பு, கெண்டைக்கால் நோவு. மருந்துத் தாளில் பெனிசிலின் ஏறுகிறது. மூன்றாம் நாள் சிறுநீர் குறைந்து கிரியாட்டினின் கூடுகிறது. கடைசித் தாளில் வைத்தியர் "லெப்டோஸ்பைரோசிஸ், சிறுநீரகத் திடீர்ச் செயலிழப்பு" என்று எழுதிக் கையொப்பமிடுகிறார். பிரதான நோய் ஏ27.9, எலிக்காய்ச்சல். கூடவே என்17.9.

தொடக்கத்தில் இப்படியொரு ஏட்டை நான் முதற்பக்கத்தோடு முடித்து, எலிக்காய்ச்சல் ஒன்றை வெறும் காய்ச்சலாக்கிவிட்டேன். கணக்கில் எலிக்காய்ச்சல் ஒன்று குறைந்தது என் கையால்தான். இன்றும் அது மனதை உறுத்தும்.

இதன் மறுபக்கமும் உண்டு. கண் சிவந்திருக்கிறது, பெனிசிலின் ஏறியிருக்கிறது, ஆனால் வைத்தியர் நோயின் பெயரை எழுதவில்லை. அப்போது ஏ27 போட உங்களுக்கு உரிமையில்லை. ஏட்டில் ஒரு துண்டு குத்தி, "டொக்டர், இறுதி நோய் நிர்ணயம் எழுதப்படவில்லை, தயவுசெய்து பாருங்கள்" என்று வாட்டுக்குத் திருப்பி அனுப்புங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

நான்காம் படி: காயம் என்றால் இரண்டு குறியீடு

காலி வீதியில் ஓட்டோவும் வானும் மோதி, ஓட்டோவில் இருந்த பயணிக்கு முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு நடுவில் முறிந்தது. முறிவுக்கு எஸ்82.2. எப்படி நடந்தது என்பதற்கு வி33.6. முச்சக்கர வண்டியில் போனவர்களுக்கென்றே வி30 முதல் வி39 வரை தனியிடம் இருப்பது நம் நாட்டுக்கு எவ்வளவு பொருத்தம்! வைத்தியர் "விபத்து" என்று மட்டும் எழுதியிருந்தால் அனுமதித் தாளைத் தேடுங்கள். எதில் போனார், ஓட்டினாரா, பின்னால் இருந்தாரா என்பது பெரும்பாலும் அங்கே கிடைக்கும். பூச்சிநாசினி நஞ்சிலும் இதே இரட்டைதான்: நஞ்சு எதுவென்று ஒன்று, தற்செயலா வேண்டுமென்றா என்று இன்னொன்று. இரண்டாவதை ஒருபோதும் ஊகத்தில் எழுத வேண்டாம்.

ஐந்தாம் படி: சிகிச்சைக்குக் குறியீடு

ஐ.சி.டி.-10 நோய்க்கான நூல். சத்திரசிகிச்சைக்கு அதில் எண் இல்லை. அமெரிக்கக் காப்புறுதிக்காகச் சென்னையில் ஏராளமானோர் செய்யும் வேலை வேறு. அங்கே நோய்க்கு 2015 ஒக்டோபர் 1 முதல் ஐ.சி.டி.-10-சி.எம்.; சிகிச்சைக்கு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஐந்து இலக்க சி.பி.டி. அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் சி.பி.சி. என்ற குறியீட்டாளர் சான்றிதழுக்கான பரீட்சை எழுதுவார்கள். எந்தப் பாதை என்று முதலில் முடிவெடுத்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11 ஐ அடிப்படை பிடிபட்ட பிறகு பார்க்கலாம்.

ஆறாம் படி: வீட்டிலேயே பயிற்சி

ஆஸ்பத்திரியால் வரும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் காட் எல்லார் வீட்டு அலுமாரியிலும் ஒரு பொலித்தீன் பையில் இருக்கும். வீட்டாரிடம் அனுமதி கேட்டு, பெயரை மறைத்து, பத்து அட்டைக்குக் குறியீடு எழுதுங்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் இணையப் பட்டியல் இலவசம். எழுதிய தாளை மடித்து வைத்துவிட்டு, ஒரு கிழமை கழித்து அதைப் பாராமல் அதே பத்துக்கும் மறுபடி எழுதுங்கள். இரண்டு தாளும் எந்த அட்டையில் வேறுபடுகிறதோ, அந்த அட்டையை முதல் வரியிலிருந்து மறுபடி வாசியுங்கள்.