மனச்சோர்வு மாத்திரையை முறையாகச் சாப்பிடுவோம்



சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுவதைக் கடையில் உட்கார்ந்தே பேசிக்கொள்கிறோம். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கல்லாப்பெட்டியில் ஒளித்து வைக்கிறோம். ஒளிப்பதால் யாரிடமும் சந்தேகம் கேட்பதில்லை. கேட்காததால் தவறு செய்கிறோம்.

இதை எழுதும் நாமும் அந்தத் தவறைச் செய்தோம். மருத்துவர் தந்த செர்ட்ராலின் மாத்திரையை மூன்று மாதம் சாப்பிட்டோம். தூக்கம் வந்தது, கணக்கில் மனம் நின்றது. "இனி எதற்கு?" என்று நாமாகவே நிறுத்திவிட்டோம். மூன்றாம் நாள் தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, காரணமில்லாத கோபம். இருபது வருடமாக நம்மிடம் சரக்கெடுத்த சில்லறை வியாபாரியைப் பாக்கிக்காகக் கடைவாசலில் வைத்துப் பேசக்கூடாத பேச்சுப் பேசினோம். அவர் மறுநாளே பாக்கியைத் தீர்த்தார், பிறகு வரவில்லை. திடீரென்று நிறுத்தியதன் விளைவு இது என்று மருத்துவர் சொன்ன பிறகே புரிந்தது.

உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. இது தலைவலி மாத்திரை போல உடனே கேட்காது. பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகலாம். தொடக்கத்தில் குமட்டல், தலைவலி, தூக்கக் கோளாறு வரலாம். பெரும்பாலும் போகப்போகக் குறையும்.

2. குணமான பின்னும் பொதுவாகக் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். நிறுத்தும்போது மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.

3. ஒரு வேளை மறந்தால் மறுவேளை இரண்டாகப் போடக்கூடாது. அட்டையில் பத்து மாத்திரை இருக்கும்போதே மருத்துவரைப் பாருங்கள். சரக்குத் தீர்ந்த பிறகா ஆர்டர் போடுகிறோம்?

4. மூட்டை தூக்கி இடுப்பு வலித்தால் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் வாங்கிப் போடுவது நம் வழக்கம். செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், ஃபுளுவாக்சிடின் போன்றவற்றோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு வர வாய்ப்பு கூடும். டிரமடால் இன்னும் ஆபத்து. இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுவோர் தாமாக நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லுங்கள். மது வேண்டாம்.

5. வயதானவர்களுக்கு, அதிலும் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுவோருக்கு, இரத்தத்தில் சோடியம் குறையலாம். தள்ளாட்டமோ மனக்குழப்பமோ வந்தால் வயதின் மேல் பழிபோடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

6. முதல் வாரங்களில் மனம் நிலைகொள்ளாமல் தவித்தாலும், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலும் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. தூக்கமே இல்லாமல் அளவுமீறிய உற்சாகம், கண்மண் தெரியாத செலவு வந்தாலும் அப்படியே. மாத்திரை சாப்பிடுவது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

7. நமக்குக் கேட்ட மாத்திரையைப் பக்கத்துக் கடைக்காரருக்குக் கொடுக்கக்கூடாது.

மாத்திரையை மறுபடி முறையாகச் சாப்பிட்டுத் தேறிய பின், அந்த வியாபாரியின் வீட்டுக்கு நேரில் போய் வருத்தம் தெரிவித்தோம். காபி கொடுத்து உபசரித்தார். சரக்கு இன்னும் எடுக்கவில்லை. அந்த நஷ்டம் நம்மோடு போகட்டும். மனநலமும் நமக்கு ஒரு முதல்தான். அதைக் கணக்காகக் காப்போம்.