சட்டம் அப்படி என்றால் விட்டுவிட வேண்டியதுதானா?

கேள்வி: தக்கலை பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். சிறு கடைகளுக்கு வரும் தொல்லை எதைப் பற்றிக் கேட்டாலும், “சட்டம் அப்படிம்மா, நாங்க என்ன பண்றது” என்கிறார்கள். சட்டமே தவறாக இருந்தால் என்னைப் போன்றவர்கள் எதிர்க்க வழி உண்டா ஐயா? அதற்குப் பணபலம் வேண்டாமா?

பதில்: வழி உண்டு அம்மா. முதலில், அவர்கள் காட்டுவது சட்டம்தானா என்று பாருங்கள். பல நேரம் அது ஓர் அரசாணையாகவோ நகராட்சித் தீர்மானமாகவோ இருக்கும். எண்ணும் தேதியும் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நகல் வாங்குங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி அந்த ஆணை போடப்பட்டது என்று அதிலேயே பெரும்பாலும் இருக்கும். அந்தப் பிரிவு தராத அதிகாரத்தை எடுத்துக்கொண்டிருந்தால், ஆணையை ரத்து செய்ய அந்த ஒரு காரணமே போதும்.

சட்டமே பிழை என்றால், அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். உங்களுக்கு மதுரைக் கிளை. மத்திய அரசின் சட்டத்தையும் அங்கேயே எதிர்க்கலாம். ஆனால் “இந்தச் சட்டத்தால் கஷ்டப்படுகிறேன்” என்பது மட்டும் போதாது. அது அடிப்படை உரிமையைப் பறிக்கிறது என்றோ, அதை இயற்றிய சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ அந்த அதிகாரமே இல்லை என்றோ காட்ட வேண்டும்.

உங்கள் மாவட்டத்துக்குத் தொடர்புள்ள வழக்கையே சொல்கிறேன். உங்கள் மாவட்டமும் அடங்கியிருந்த பழைய திருவிதாங்கூரில் 1916-இல் வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அதுதான். கோட்டயத்தில் பள்ளி நடத்திய மேரி ராய் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1986-இல் வென்றார். பெண்ணுக்குச் சமத்துவம் இல்லை என்பது அவர் வாதம். நீதிமன்றமோ அந்தக் கேள்விக்குள் போகவில்லை. 1951-இல் வந்த ஒரு மத்தியச் சட்டத்தாலேயே இது காலாவதியாகிவிட்டது, 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றது. அதனால்தான் ஒரே காரணத்தை நம்பி மனு எழுதாதீர்கள் என்கிறேன். தீர்ப்பு வந்த பிறகும் தன் பங்கைக் கையில் வாங்க அவர் பல ஆண்டுகள் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. அந்தப் பொறுமைக்கும் தயாராகிக்கொள்ளுங்கள்.

பணத்துக்காகத் தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் கேட்கும் உரிமை உண்டு. மதுரைக் கிளையில் உள்ள சட்டப் பணிக் குழுவிலேயே விண்ணப்பிக்கலாம்.

நீதிமன்றம் ஒரு சட்டத்தைச் செல்லாது என்று சொல்லலாம்; புதிதாக இயற்றித் தராது. அதற்குச் சட்டமன்றத்தைத்தான் அசைக்க வேண்டும். அது நடக்காத காரியமில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம்தரும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்றாம் நாளே அது நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். அங்கே வேலை செய்தது சங்க பலம். எனவே நீங்களும் ஆணையின் நகல் கைக்கு வந்ததும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களைக் கூட்டி அதைப் படித்துக் காட்டுங்கள். சங்கமாகச் சேர்ந்து எம்.எல்.ஏ.விடமும் சட்டமன்ற மனுக்கள் குழுவிடமும் எழுத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் ரிட் மனுவோடு இணைக்க அது உதவும்.