மலை ஏறும்போது இளைப்பை அடக்காதீர்கள்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள் பலருக்கு, லீவு நாளில் ஒரு மலை ஏறிவர ஆசை. ஆந்திர எல்லையைத் தாண்டினால், தடாவுக்கு மேற்கே கம்பாக்கம் மலை. உயரம் பிரமாதமில்லை, ஆனால் பாறையும் முள்ளும் உருளுகிற கற்களுமாகக் கரடுமுரடான வழி. உச்சியிலிருந்து கிழக்கே பார்த்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில், பழவேற்காடு ஏரி பளபளக்கும். காப்புக்காடு என்பதால் வனத்துறையைக் கேட்டுக்கொண்டே போகவேண்டும். மார்கழி, தை மாதங்கள் உகந்தவை. கோடை கூடவே கூடாது.

அடக்கக்கூடாத 14 வேகங்களைச் சித்த மருத்துவம் சொல்கிறது. தாகம், பசி, தூக்கம், இளைப்பு இந்த நான்கும் அதில் அடக்கம். மலையில் நம்மவர்கள் அடக்குவதும் இந்த நான்கைத்தான்!

முன்னேற்பாடு

நைட் ஷிப்ட் முடித்து நேராக மலைக்குப் போகாதீர்கள். ஒரு இரவாவது நன்றாகத் தூங்குங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் முதலில் திருத்தணி 365 படிகளை ஏறிப் பாருங்கள். அங்கேயே மூச்சு முட்டினால், டாக்டரைப் பார்த்த பிறகுதான் மலை. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை அன்றைக்கும் விடக்கூடாது.

ஏறும்போது

பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். இஞ்சி, உப்பு சேர்த்த நீர்மோர் நல்லது. பிரஷர் உள்ளவர்கள் உப்பைக் குறைக்கவும். வெறும் வயிற்றில் ஏறவேண்டாம். இரண்டு இட்லி போதும்.

இறங்கும்போது

முழங்காலுக்குச் சோதனை இறக்கத்தில்தான். ஓடாதீர்கள். முட்டியை லேசாக மடக்கி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். கையில் ஒரு கழி இருக்கட்டும். வீட்டுக்கு வந்து நல்லெண்ணெயை இளஞ்சூடாகத் தேய்த்து, வெந்நீர் ஊற்றினால் கால் வலி குறையும். சுளுக்கி வீங்கியிருந்தால் தேய்க்காதீர்கள். முதல் நாள் குளிர்ந்த ஒத்தடம்தான்.

வாயு என்று நினைக்காதீர்கள்!

மார்பில் இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி, குப்பென்ற வியர்வை — இவை வந்தால் "வாயுதாங்க, ஓமம் மென்னா சரியாயிடும்" என்பார்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: அப்போது ஓமமும் வேண்டாம், சுக்கும் வேண்டாம். அந்த இடத்திலேயே உட்காரவையுங்கள். ஒரு அடிகூட நடக்கவிடாதீர்கள். உடனே 108-க்குப் போன் பண்ணுங்கள். சிக்னல் இல்லையென்றால், ஒருவர் கூட இருக்க, இரண்டு பேர் கீழே இறங்கி உதவி கொண்டுவரட்டும். அதனால்தான் நான்கு பேருக்குக் குறையாமல் போகச் சொல்கிறேன்.