குளிர்காலத்தில் எந்தப் பள்ளத்தாக்கு?

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலப் பள்ளத்தாக்குப் பூங்காக்களைப் பார்க்க டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். கோடையில் நாற்பது டிகிரியை எட்டும் சீயோன் பள்ளத்தாக்கில் ஜனவரிப் பகல் பன்னிரண்டு டிகிரியை ஒட்டி நிற்கும். இரவு உறைநிலைக்குக் கீழே போகும். செமஸ்டர் விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. மாணவர்கள் நாலைந்து பேராக லாஸ் வேகாஸில் வாடகைக் கார் எடுத்துக் கிளம்புகிறார்கள். எங்கே போவது என்பதை நண்பர்களின் படங்களோ, "கிராண்ட் கேன்யன் பார்த்தாச்சா?" என்று ஊரிலிருந்து பெற்றோர் கேட்கும் கேள்வியோ முடிவு செய்துவிடுகிறது. இடத்தின் உயரத்தையும் பாதையில் விழும் நிழலையும் விசாரிப்பவர் குறைவு.

கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் ஆண்டு முழுதும் திறந்திருக்கிறது. அதைவிட உயரமான வடக்கு விளிம்புக்குக் குளிர்காலத்தில் காரில் போக முடியாது. மற்ற மாதங்களில் பேருந்துக்கு மட்டுமான ஹெர்மிட் சாலையில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சொந்தக் காரிலேயே போகலாம். விஷ்ணு, சிவன், பிரம்மா பெயர் தாங்கிய பாறைச் சிகரங்களும் இங்கே உண்டு. பெற்றோருக்கு அனுப்ப இதைவிட நல்ல படம் கிடைக்காது. சில நாள்களில் மேகம் பள்ளத்தை நிரப்பி எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பதால் ஓர் இரவாவது தங்குவது நல்லது.

பிரைஸ் கேன்யன் இன்னும் உயரம். 2,400 மீட்டருக்கு மேல். செந்நிறக் கல்தூண்கள் மீது வெண்பனி படிந்த காட்சிக்கு ஈடு கிடையாது. பனியில் கார் ஓட்டிப் பழகாதவர் தவிர்க்கலாம். அவர்களுக்கு டெத் வேலி இருக்கிறது. கடல்மட்டத்தை ஒட்டிய கோல்டன் கேன்யனில் ஜனவரியில் சட்டையோடு நடக்கலாம்.

சீயோனில்தான் சிக்கல். அங்கே போகிறவர்களில் பலர் பூங்காவுக்காகப் போவதில்லை, ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற ஒரே பாறைக்காகப் போகிறார்கள். தரையிலிருந்து ஏறத்தாழ 450 மீட்டர் ஏற்றம். போக வர 8.7 கிலோமீட்டர். கடைசி அரை மைல், இரு பக்கமும் அதலபாதாளமாக இறங்கும் குறுகிய பாறை முதுகின் மேல் சங்கிலியைப் பிடித்தபடி போவது. 2022 ஏப்ரல் முதல் குலுக்கலில் அனுமதி பெற்றவருக்கு மட்டுமே அந்தப் பகுதி திறந்திருக்கிறது. அனுமதிச் சீட்டு பாறையின் ஈரத்தையோ பனிக்கட்டியையோ பார்த்துத் தரப்படுவதில்லை. சீயோனின் ஆண்டு மழை, பனியில் பாதியளவு டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில்தான் விழுகிறது. பகலில் உருகிய பனி இரவில் கண்ணாடியாக இறுகும்; வெயில் எட்டாத வளைவுகளில் நாள்கணக்கில் அப்படியே கிடக்கும். வால்டர்ஸ் விக்கிள்ஸ் எனப்படும் 21 கொண்டை ஊசி வளைவுகளிலேயே கால் வழுக்கத் தொடங்கும். காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்கள் இல்லாமல் ஏறுவது துணிச்சலில் சேராது. அனுமதி கிடைத்துவிட்டது, திரும்பினால் கேலி செய்வார்கள் என்ற இரண்டே காரணங்களுக்காக ஏறுபவர்கள் உண்டு. இந்தப் பாறையிலிருந்து விழுந்து இறந்தவர்களும் உண்டு. ஆற்று நீருக்குள்ளேயே நடக்கும் நாரோஸ் பாதையும் குளிர்காலத்தில் நீர் புகாத முழு உடை வைத்திருப்பவருக்குத்தான்.

சங்கிலிப் பகுதி தொடங்கும் ஸ்கவுட் லுக்அவுட் வரை செல்ல அனுமதி வேண்டாம். பாதை காய்ந்திருந்தால் அதுவே போதும். உச்சியில் நெருக்கியடித்து நிற்பதைவிட, வாட்ச்மேன் பாதையில் ஏறி மாலை வெயில் எதிர்ச் சுவர்களில் நிறம் மாறுவதைப் பார்ப்பது மேலான அனுபவம். இதைப் பக்கச்சார்பு என்று சொல்பவர் சொல்லட்டும். அவரவர் முழங்காலும் தலைசுற்றலும் அவரவருக்குத்தான் தெரியும். உயரம் ஒத்துக்கொள்ளாத பிள்ளையை நண்பர் கூட்டம் இழுத்துப் போவதும், கணக்கு வராதவனைப் பொறியியலில் சேர்ப்பதும் ஒரே வகைத் தவறு. ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் உட்காரும் பொறுமை இருந்தால், பாலைநிலக் காட்டாடுகள் தாமாகவே கண்ணில் படலாம். அவற்றுக்குப் பூங்காவின் கிழக்குப் பக்கம், 1930இல் திறந்த மலைச் சுரங்கச் சாலைக்கு அப்பால் செல்ல வேண்டும்.

ஜனவரி, பிப்ரவரியில் ஷட்டில் பேருந்து ஓடாததால் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் காரிலேயே போகலாம். வண்டி நிறுத்துமிடங்கள் நிரம்பினால் அந்தச் சாலையைத் தற்காலிகமாக மூடிவிடுவார்கள். வார நாளில், காலையிலேயே உள்ளே போய்விடுவது உத்தமம்.