குட்டி எஞ்சினுக்கு எத்தனை வோல்ட்?

மொரப்பூரில் இருந்து தருமபுரிக்கு ஒரு காலத்தில் குட்டி ரயில் ஓடியது, தெரியுமா? 1906-ல் திறந்த அந்தப் பாதை, 2 அடி 6 அங்குல நேரோ கேஜ். 1913-ல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர் நடந்த நேரத்தில், 1941-ல், மூடிவிட்டார்கள். நம்ம மாவட்டத்தின் அந்த ரயிலை அடுத்த டெக் ஃபெஸ்ட்டுக்கு மாடலாகச் செய்து ஓட்டினால் எப்படி இருக்கும்? தாராளமாகச் செய்யலாம். ஆனா தெர்மாகோல் மலை கட்டுவதற்கு முன்னாடி ஒரு கேள்விக்குப் பதில் வேணும்: எஞ்சினுக்கு எந்த பவர் சப்ளை?

முதலில் மோட்டாரைப் பாருங்க

உலகம் முழுக்கப் பிரபலமான மாடல் அளவு எச்.ஓ. அதாவது 1:87. நம்ம பழைய பாதையின் அகலம் 762 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 8.8 மி.மீ. இதற்கு நெருக்கமாகக் கிடைப்பது, 1:160 அளவான 'என்' மாடல்கள் ஓடும் 9 மி.மீ. தண்டவாளம். அதனால் நேரோ கேஜ் மாடல் செய்பவர்கள் பெரும்பாலும் 'என்' அடிச்சட்டத்தின் மேல் எச்.ஓ. உடம்பை உட்கார வைப்பார்கள். வெளியே பெரிய எஞ்சின், உள்ளே சின்ன மோட்டார். சப்ளையைத் தீர்மானிப்பது அந்த மோட்டார்தான்.

சாதாரண 'என்', எச்.ஓ. எஞ்சின்கள் 12 வோல்ட் டி.சி.யில் ஓடுபவை. வோல்ட்டைக் கூட்டினால் வேகம், முனைகளை மாற்றினால் ரிவர்ஸ். சின்ன மோட்டாரில் சுருள் கம்பி மெல்லிசு, சீக்கிரம் சூடாகும்.

வோல்ட் தள்ளும், ஆம்பியர் தேவைக்கு ஏறும்

"5 ஆம்பியர் சப்ளை மாட்டினா எஞ்சின் கருகிடாதா?" என்பது ஹாஸ்டலில் அடிக்கடி வரும் சந்தேகம். கருகாது. 12 வோல்ட்டில் எஞ்சின் தனக்கு வேண்டிய கரண்ட்டை மட்டும்தான் எடுக்கும். ஒற்றை எஞ்சினுக்கு அது பெரும்பாலும் 1 ஆம்பியருக்குள் முடிந்துவிடும்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வண்டி தடம் புரண்டு, ஒரு சக்கரம் இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துவிட்டால்? அந்த 5 ஆம்பியரும் மயிரிழை மாதிரியான கம்பிகள் வழியாகப் பாயும். 12 × 5 = 60 வாட். நம்ம லேபில் இருக்கும் சாதாரண சோல்டரிங் அயர்ன் 25 வாட்தான்! பிளாஸ்டிக் உருகத்தானே செய்யும்? அதனால் சப்ளைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம்.

12 என்று எழுதியிருந்தாலும் 12 இல்லை

12-0 டிரான்ஸ்ஃபார்மர், நாலு டயோடு, ஒரு கெப்பாசிட்டர். செகண்ட் இயரில் எல்லோரும் செய்தது. இதன் அவுட்புட் எவ்வளவு? 12 என்பது ஆர்.எம்.எஸ். மதிப்பு. உச்சம் 12 × 1.414, கிட்டத்தட்ட 17 வோல்ட். டயோடுகளில் 1.4 வோல்ட் போனாலும் 15.5 மிஞ்சும். லோடு குறைவாக இருந்தால் இன்னும் ஏறும். நடுவில் ஒரு 7812 ரெகுலேட்டரை, ஹீட் சிங்க்கோடு, போடுங்க. 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரை நேராக மாட்டும் எண்ணமே வேண்டாம்.

ஏ.சி.யா, டி.சி.யா?

இது மாடலுக்கு மட்டும் வரும் சிக்கல் இல்லை. சென்னை பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் 1500 வோல்ட் டி.சி.யில்தான் தொடங்கியது. 1960-களில் 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாற்றியபோது அதற்கேற்ற புது வண்டிகளே வர வேண்டியிருந்தது.

மாடலிலும் அப்படித்தான். ஜெர்மனியின் மார்க்லின் பழைய எச்.ஓ. எஞ்சின்கள் 16 வோல்ட் ஏ.சி.யில் ஓடுபவை. அந்த டிரான்ஸ்ஃபார்மரில் டி.சி. எஞ்சினை வைத்தால், நொடிக்கு 100 முறை திசை மாறும் கரண்ட்டில் அது நகராது. உறுமும், சூடாகும், கடைசியில் எரியும். டி.சி.சி. எனும் டிஜிட்டல் முறையிலும் தண்டவாளத்தில் இருப்பது திசை மாறும் அலைதான். டிகோடர் இல்லாத எஞ்சினை அதில் நிறுத்தி வைக்காதீங்க.

230 வோல்ட் பக்கம் விளையாட வேண்டாம்

தண்டவாளத்தை எல்லோரும் தொடுவார்கள். ஃபெஸ்ட்டுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளும்தான். அதனால் மெயின்ஸில் இருந்து பிரிக்கப்பட்ட சப்ளை மட்டுமே பாதுகாப்பு. கெப்பாசிட்டரால் வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சர்க்யூட் கூடவே கூடாது. லேபில் இருக்கும் டிம்மர்ஸ்டாட்டும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்தான். மீட்டரில் 12 வோல்ட் காட்டினாலும் ஷாக் அடிக்கலாம். அமெரிக்காவில் இருந்து மாமா அனுப்பிய செட்டாக இருந்தால், சப்ளையின் முதுகைப் படிங்க. 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் நம்ம பிளக்கில் செருகாதீங்க. 100–240 என்றால் சரி.

ஆர்.பி.எஸ். போதும்

முதல் சோதனைக்கு நம்ம எலக்ட்ரானிக்ஸ் லேபின் 0–30 வோல்ட் ஆர்.பி.எஸ்.ஸே போதும்.

1. எஞ்சின் இல்லாமல் 12 வோல்ட் வையுங்க. குமிழ் 30 வரை போகும் என்பதால், யார் கையும் படாதபடி பார்த்துக்கங்க.
2. கரண்ட் லிமிட்டை அரை ஆம்பியரில் வையுங்க.
3. தண்டவாளத்தின் குறுக்கே ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்க. வோல்ட் உடனே விழணும், கரண்ட் அரை ஆம்பியரைத் தாண்டக் கூடாது.
4. நாணயத்தை எடுத்துட்டு, வோல்ட்டை பூஜ்யத்துக்குக் கொண்டு வந்து, எஞ்சினை வைத்து மெதுவாக ஏற்றுங்க.
5. சக்கரம் வழுக்குகிற அளவுக்கு எஞ்சினை ஓரிரு நொடி பிடித்துக் கரண்ட்டைக் குறித்துக்கங்க. லிமிட்டை அதற்குச் சற்று மேலே வைத்தால் போதும்.

பத்து நிமிடம் ஓட்டியதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்க. இளஞ்சூடு என்றால் மொரப்பூர் வரை ஓட்டலாம். கை வைக்க முடியவில்லை என்றால், சுவிட்சை அணைச்சுட்டு திரும்ப முதல் படியில் இருந்து வாங்க.