வெள்ளை மாத்திரைக்கு என்ன குறைச்சல்?

திண்டுக்கல் மாவட்டம் சேவுகம்பட்டி, பட்டிவீரன்பட்டிப் பக்கம் சுகர், பிரஷர் உள்ளவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு வாக்கியம் எப்படியும் வந்து விழும்: "கவர்மென்ட் மாத்திரை நமக்குக் கேக்காதுங்க." 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வாசலில் வந்து கொடுத்த மாத்திரையை அலமாரியில் போட்டுவிட்டு, வத்தலக்குண்டு கடைத்தெருவில் அதே மெட்ஃபார்மினையும் அதே அம்லோடிபினையும் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டம் மருந்தை வீட்டு வாசல் வரை கொண்டுவந்துவிட்டது. வாசலிலிருந்து வாய்க்குப் போகும் வழியில்தான் சில நம்பிக்கைகள் குறுக்கே நிற்கின்றன.

"விலை கம்மி, அதனால பவர் கம்மி."

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் 'கம்பெனி மாத்திரை'யும் பெரும்பாலும் ஜெனரிக்தான், அதாவது காப்புரிமை இல்லாததால் யாரும் தயாரிக்கக்கூடிய மருந்துதான். மெட்ஃபார்மினுக்கோ அம்லோடிபினுக்கோ இன்று யாரிடமும் காப்புரிமை இல்லை. எத்தனையோ கம்பெனிகள் அதே மருந்தைத் தயாரித்து ஆளுக்கொரு பெயர் சூட்டி விற்கின்றன. ஒரே எஸ்டேட் காப்பிக்கொட்டை இரண்டு கடைப் பையில் இரண்டு விலைக்குப் போவதைக் காப்பி வியாபாரம் தெரிந்த பட்டிவீரன்பட்டிக்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. மாத்திரையில் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெயருக்கும், டாக்டரைப் பார்க்க வரும் மெடிக்கல் ரெப்புக்கும், இடையில் உள்ள விற்பனையாளர்களின் கமிஷனுக்கும் போகிறது. மருந்துக்குப் போவது கொஞ்சம்தான்.

'ஜெனரிக்' என்று சொல்லி விற்கும் எல்லாக் கடையிலும் மலிவாகக் கிடைத்துவிடும் என்பதும் இல்லை. அட்டையில் பெரிய விலை அச்சிட்டிருக்கும். கடைக்காரர் வாங்கியது அதில் சிறு பங்குக்கு இருக்கும். லாபம் முழுக்க அவருக்கு. மத்திய அரசின் மக்கள் மருந்தகம், தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரி 24 அன்று ஒரே நாளில் 1,000 இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகம் போன்ற கடைகளில் விலையே குறைவாக இருக்கும். வேறு கடை என்றால் விலையை விசாரித்துத்தான் வாங்க வேண்டும்.

"அரசு மருந்தை யார் சோதிக்கிறாங்க?"

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் நல்ல பதில் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்வார்தான் இல்லை. 1994 வரை அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குவது சிதறிக் கிடந்தது. டப்பாவில் உதிரி மாத்திரைகள் வரும், காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள், பாதி நாள் இருப்பே இருக்காது. அந்த ஆண்டு ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவானது, 1995 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. தொடக்கத்தில் அதற்குப் பொறுப்பேற்று வடிவம் கொடுத்தவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி பூர்ணலிங்கம்.

அவர்கள் செய்த ஏற்பாடு எளிமையானது. அவசியமான மருந்துகளுக்கு ஒரு பட்டியல், அதில் ரசாயனப் பெயர் மட்டும். டெண்டரில் இரண்டு உறைகள். தொழிற்சாலையின் தகுதி முதல் உறையில். அதில் தேறினால்தான் விலை எழுதிய இரண்டாவது உறையைப் பிரிப்பார்கள். சரக்கு கிடங்குக்கு வந்ததும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, ஒரு குறியீடு மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்று சோதிப்பவருக்கே தெரியாது. தேறாத தொகுதி திரும்பிப் போகும். தொடர்ந்து சறுக்கும் கம்பெனி கறுப்புப் பட்டியலுக்குப் போகும். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. கடையில் நாம் வாங்கும் பிரபல பிராண்டுக்கு இப்படித் தொகுதிக்குத் தொகுதி வெளியார் சோதனை கிடையாது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அங்கங்கே எடுக்கும் மாதிரிகள்தான்.

அப்புறம் ஏன் 'கேக்கல'? டெண்டர் மாறினால் கம்பெனி மாறும், மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறும். போன மாதம் மஞ்சளாக இருந்தது இந்த மாதம் வெள்ளையாக வந்தால் மனம் ஒப்புவதில்லை. சிலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அமெரிக்காவில் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களிடையே நடந்து 2013-ல் வெளியான ஆய்வும் நிறம் மாறியவர்கள் மருந்தை விடுவது கூடுகிறது என்றே கண்டது. நிறுத்தினால் சர்க்கரை ஏறும். பழி மாத்திரைக்கு. கொடுக்கும்போதே "நிறம்தான் வேற, மருந்து அதேதான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூட்டமான மருந்து வழங்குமிடத்தில் அதைச் சொல்ல நேரமில்லை என்பதும் உண்மைதான்.

"ஜெனரிக்ல 20 சதவீதம் மருந்து குறைவா இருக்கலாமாம்."

வாட்ஸ்அப்பில் சுற்றும் அரைகுறைக் கணக்கு. ஜெனரிக் சோதனைக்கு வைத்திருக்கும் 80 முதல் 125 சதவீதம் என்ற எல்லையிலிருந்து கிளம்பியது. அது மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் அளவைப் பற்றியதல்ல. ரத்தத்தில் மருந்து சேரும் அளவை மூலமருந்தோடு ஒப்பிடும்போது புள்ளியியல் கணிப்பு முழுவதும் அடங்கவேண்டிய எல்லை. அமெரிக்க மருந்துத் துறை 2,070 ஆய்வுகளைத் தொகுத்தபோது ஜெனரிக்குக்கும் மூலமருந்துக்கும் சராசரி வித்தியாசம் சுமார் 3.5 சதவீதம்தான். இந்தியாவில் எளிதில் கரையாத மருந்துகளுக்கு இந்தச் சோதனை 2017-ல்தான் கட்டாயமானது. இன்னும் முன்பே வந்திருக்க வேண்டிய விதி.

"அடுத்தவன் கண்டுபிடிச்சதைக் காப்பியடிக்கிறது தப்பில்லையா?"

இது படித்தவர்களின் நம்பிக்கை. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால அய்யங்கார் 1959-ல் காப்புரிமைச் சட்டம் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். அதை அடியொற்றி வந்த 1970 சட்டம், மருந்துக்குக் காப்புரிமை இல்லை, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் என்றது. வேறு வழியில் அதே மருந்தைச் செய்ய இந்தியக் கம்பெனிகளுக்குச் சட்டமே கதவு திறந்தது. 2001-ல் சிப்லா எய்ட்ஸ் கூட்டு மருந்தை ஒரு நோயாளிக்கு நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருவதாக அறிவித்தது. அப்போது மேலைநாட்டு விலை ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல்.

2005-ல் உலக வர்த்தக ஒப்பந்தத்துக்காகச் சட்டம் மாறி, மருந்துக்கே காப்புரிமை வந்தது. ஆனால் 3(டி) என்ற பிரிவு உள்ளே வந்தது: பழைய மருந்தைக் கொஞ்சம் உருமாற்றி, குணப்படுத்தும் திறன் கூடாமலே புதுக் காப்புரிமை கேட்கக் கூடாது. ரத்தப் புற்றுநோய் மருந்து கிளிவெக்குக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். 3(டி)-யையே எதிர்த்த வழக்கை 2007-ல் தள்ளியது சென்னை உயர் நீதிமன்றம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் கடைசிக் கதவையும் சாத்தியது. அப்போது கிளிவெக் மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய ஜெனரிக் பத்தாயிரத்துக்குள். இதைக் களவு என்பவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்கலாம்.

"ஜெனரிக்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."

எதிர்ப்பக்கத்து மூடநம்பிக்கை. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைக் குடித்த கோல்ட்ரிஃப் சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலையில் தயாரானது. தமிழ்நாட்டுச் சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்தது தெரிந்தது. அது பெயர் சூட்டிய பிராண்டு மருந்து என்பதையும் கவனியுங்கள். பெயர் இருப்பதும் இல்லாததும் தொழிற்சாலைக்குள் எட்டிப் பார்க்காது. அதற்கு ஆய்வாளர் போக வேண்டும். இன்னொன்று: தைராய்டு, வலிப்பு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், உறுப்பு மாற்றியவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் போன்றவற்றில் சின்ன வித்தியாசமும் பாதிக்கும். இவற்றில் டாக்டரைக் கேட்காமல் கம்பெனி மாற்றக் கூடாது.

கடைக்காரர் தானாக மாற்றிக் கொடுப்பதும் சட்டப்படி முடியாது. சீட்டில் ஒரு பிராண்டை எழுதியிருந்தால், அதே மருந்தே ஆனாலும் வேறு பிராண்டைத் தர மருந்து விதிகள் இடம் தருவதில்லை. ரசாயனப் பெயரைத்தான் டாக்டர்கள் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி போட்டு, எதிர்ப்பு வந்ததும் அதே மாதம் நிறுத்தி வைத்தது. ஆகவே இப்போதைக்கு, சீட்டு வாங்கும்போதே கேட்பதுதான் வழி: "டாக்டர், கம்பெனிப் பேருக்குப் பதிலா மருந்தோட பேரை எழுதிக் கொடுங்க."