கருவியமைப்பிற் சிறுவர் பங்கு

விஞ்ஞானங் கற்பித்தற்கெனக் கணனிப் பாடங்கள் பல இக்காலத்து ஆக்கப்படுகின்றன. ஆக்குவோர் வளர்ந்தோர், பயன்படுத்துவோர் பாலர். அப்பாலரையும் ஆக்குவோருள் வைத்தெண்ணலாமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலையென நண்பர் சிலர் நகைக்கலாம். காரணம் உண்டு.

ஒருநாள் விஞ்ஞான ஆசிரியர் வாராமையால் ஏழாந் தரத்தை யாம் பார்க்க நேர்ந்தது. மாணவர் குளத்துயிர்களின் உணவு வலையை வரைந்துகொண்டிருந்தனர். பாசியை நீர்ப்பூச்சியும், பூச்சியை மீனும், மீனைக் கொக்கும் உண்ணும். நூலிலே அம்புக்குறி மீனிலிருந்து கொக்கை நோக்கிச் சென்றது. ஒருவன் கொக்கிலிருந்து மீனுக்கு வரைந்திருந்தான். பிழையென்று சிவப்பு மையாற் கோடிட்டோம். "கொக்குத்தானே சேர் மீனைத் தேடிப் போகுது?" என்றான். அவன் எழுவாயிலிருந்து செயப்படுபொருளுக்கு அம்பு விட்டான். நூலோ சக்தி செல்லுந் திசையைக் காட்டிற்று. இலக்கணம் கற்பிக்கும் எமக்கு இது முன்னரே தோன்றியிருத்தல் வேண்டும். தோன்றவில்லை.

இங்கிலாந்திலே சசெக்ஸ் பல்கலைக்கழகத்து மைக் ஸ்கேய்ஃப், இவோன் ரோஜர்ஸ் என்போரும் உணவு வலையையே எடுத்துக்கொண்டனர். அதனைக் கணனியிற் கற்பிக்கும் பாடத்தை அமைக்கும்போதே ஆசிரியரையும் சிறுவரையும் உசாவினர். அம்முறையை 1997ஆம் ஆண்டு வெளியிட்டனர். அமெரிக்காவில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்து அலிசன் ட்ருயின் இன்னும் ஒருபடி சென்றார். சிறுவர் பயன்படுத்துவோராகவும், சோதிப்போராகவும், தகவல் தருவோராகவும், வடிவமைப்பிற் கூட்டாளராகவும் நிற்றல் கூடுமென 2002இல் நால்வகையாக வகுத்தார். அவர் குழுவிலே சிறுவர் பெரியோரைப் பெயர்சொல்லி அழைத்தனர். பேசுதற்குக் கையுயர்த்தி அனுமதி கேட்டிலர். பெயர்சொல்லி அழைத்தலை எம் கல்லூரி பொறாது, யாமும் பொறோம். ஆயினும், வாத்தியார் முகத்தைப் பார்த்து விடை சொல்லும் பழக்கம் ஒழிய வேண்டுமென்பதில் எமக்கு உடன்பாடே.

மறுவாரம் அவ்வகுப்பாரிடம், "கணனியில் இவ்வலையை நீங்களே அமைப்பதாயின் எங்ஙனம் காட்டுவீர்கள்?" என வினவினோம். கொக்குக்குத் துப்பாக்கி வேண்டுமென்றான் ஒருவன், அதை விடுவோம். முன் சொன்ன மாணவன் அம்பே வேண்டாமென்றான். மீனைத் தொட்டதும் அது வாய் திறந்து பூச்சியை விழுங்க வேண்டும். விழுங்கியபின் சிறிது பருக்க வேண்டும் என்றான். சக்தி எப்பக்கஞ் சென்றதென்பது அப்பருமனிலே அடங்கிவிட்டது!

கணனி கிட்டாமையால் அட்டையில் வெட்டி, நூல் கோத்துச் செய்தனர். மீன் வாய் திறக்கின்றது. பருப்பதற்குத்தான் வழி காணவில்லை. வயிற்றினுள்ளே பலூனொன்றை வைத்து ஊதலாமென்று நேற்று ஒருவன் சொன்னான்.